ஞாயிற்றுக்கிழமை சாஸ் பன்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சாயங்காலம் ஆறரை மணிக்குச் சாஸ் பன். மாட்டுக்கறியைக் கொத்துக்கறியாக வாங்கி, தக்காளி சாஸ் ஊற்றிக் கொழகொழவென்று சமைத்து, வெண்ணெய் தடவித் தோசைக்கல்லில் சூடாக்கிய பன்னுக்கு நடுவில் வைத்துச் சாப்பிடுவோம். முக்கால் மணி நேர வேலை. சோறு வடிக்க வேண்டாம், குழம்பு கூட்ட வேண்டாம், கழுவுவதற்கு ஒரு குக்கரும் வாணலியும் தோசைக்கல்லும்தான். மறுநாள் எனக்கும் என் கணவருக்கும் காலை ஷிப்டு. ஐந்தேகாலுக்கெல்லாம் தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நின்றுவிடும். அதனால் சுலபமான சாப்பாடாகப் பார்த்துச் செய்கிறேன் என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்வேன். அது பாதிதான் உண்மை. நான் அதைச் செய்ய ஆரம்பித்தது பயத்தில்.

இந்த ரூமுக்கு வருவதற்கு முன்னால் ஒரகடம் பக்கம் ஒரு மாடியில் குடியிருந்தோம். நான் தென்காசிப் பக்கத்துப் பெண். எங்கள் தெருவில் மாட்டுக்கறி ரகசியம் கிடையாது. எந்த வீட்டில் வெந்தாலும் தெரு முழுக்க மணக்கும், யாரும் மூக்கைப் பொத்த மாட்டார்கள். பிழைக்க வந்த இடத்தில்தான் அது மறைத்து வைக்க வேண்டிய சமாச்சாரம் என்று தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எலும்போடு குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, எலும்பைக் கேரி பேக்கில் இறுகக் கட்டிக் குப்பைக்கூடைக்கு அடியில் வைத்திருந்தேன். நாய் இழுத்துவிட்டது. இழுத்த நாய் எங்கேயாவது போய்த் தின்று தொலைத்திருக்கலாம். அந்தச் சனியன் அதை ஓனர் வாசலுக்குக் கொண்டுபோய், கோலத்தின் மேலேயே படுத்துக்கொண்டு கடித்தது. ஆட்டு எலும்புக்கும் மாட்டு எலும்புக்கும் வித்தியாசம் தெரியாதவர்களா அவர்கள்? ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த வீட்டு அம்மா வாசலை மூன்று தடவை கழுவினார். பிறகு எங்கள் படிக்கட்டையும் மேலிருந்து கீழ்வரை கழுவிவிட்டார். அந்த மாதக் கடைசியில் காலி பண்ணச் சொன்னார்கள். என் மகளுக்கு அப்போது நாலு வயது. படி ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டாள். நான் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

அதற்கப்புறம் வீடு தேடியது தனிக் கூத்து. எத்தனை பேர், எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "நீங்க இன்னா ஆளுங்கோ?" உண்மையைச் சொன்ன இடத்திலெல்லாம் ரூமுக்குத் திடீரென்று வேறு யாரோ முன்பே சொல்லிவைத்திருப்பார்கள். இருங்காட்டுக்கோட்டைக்குப் பின்னால் இருக்கும் ஒரு கிராமத்தில், ஐந்தாவதோ ஆறாவதோ வீட்டில் அந்தக் கேள்வி வந்தபோது, என் கணவர் எங்கள் மாவட்டத்தில் பெரிய சாதி ஒன்றின் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரூம் கிடைத்துவிட்டது.

ஓனர் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நாலு ரூம். எங்களுடையது கடைசி. ஓனர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கே விவசாயம் பார்த்தவர்கள். நிலம் கம்பெனிக்குப் போன பிறகு மிச்சமிருந்த இடத்தில் ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஓனர் ஊர்க் கோயில் கமிட்டியில் இருந்தார், அதிகம் பேச மாட்டார். பேச்செல்லாம் அவர் மனைவிதான். ஐம்பது வயது இருக்கும். இரண்டு மாடு வைத்துப் பால் கறந்துகொண்டிருந்தார். முதல் நாளே எங்களை நிற்கவைத்துச் சொல்லிவிட்டார்.

"கோழி, மீனு, ஆடு, எது வோணா செஞ்சிக்கோ. பெரிய கறி மட்டும் இந்த காம்பவுண்டுக்குள்ள வரக் கூடாது. அவரு கோயில் வேலையில கீறாரு."

பெரிய கறி என்றால் மாட்டுக்கறி. அந்தப் பெயரைச் சொல்லக்கூட அவருக்கு வாய் கூசியது.

ஆனால் அந்த அம்மாள் மோசமானவர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். நாங்கள் இரண்டு பேரும் விடியுமுன் பஸ் ஏற வேண்டும், குழந்தையை என்ன செய்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, கேட்காமலே வந்து சொன்னவர் அவர்தான். "நான் அஞ்சு மணிக்கெல்லாம் பால் கறக்க எழுந்துக்கறேன். கொண்டாந்து ஹால்ல படுக்க வச்சுட்டுப் போ." அன்றிலிருந்து தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் நான் பஸ்ஸுக்கு ஓடுவேன். அவளை எழுப்பி, குளிப்பாட்டி, தலை பின்னி, லாரி போகும் ரோட்டைக் கைபிடித்துக் கடத்திப் பள்ளிக்கூடத்தில் விடுவது அவர். அந்த ரூம் போனால் எங்களில் ஒருவர் வேலையை விட வேண்டும். ஒருவர் சம்பளத்தில் இங்கே குடும்பம் நடத்த முடியாது, ஊருக்குத்தான் போக வேண்டும். அதனால்தான் எனக்கு அந்த ரூமைப் பற்றி அப்படி ஒரு பயம்.

அவ்வளவு பயம் இருந்தால் மாட்டுக்கறியை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். விட்டுப் பார்த்தோம். நாலு மாதம் கோழியைத் தின்று கோழி முகத்தைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. ஆட்டுக்கறியெல்லாம் எங்கள் சம்பளத்துக்குத் தீபாவளிக்குத்தான். அதைவிட ஒன்று உண்டு. சாதியை மாற்றிச் சொன்னோம், ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களை இங்கே வரவேண்டாம் என்று சொன்னோம், என் மகளின் தாத்தா பெயரைக்கூட அவள் வெளியில் சொல்லாமல் பார்த்துக்கொண்டோம். தின்பதையும் விட்டுவிட்டால் கதவைச் சாத்திய பிறகு உள்ளே நாங்களாக இருப்பதற்கு என்னதான் மிச்சம் என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கும் பயத்துக்கும் நடுவில்தான் சாஸ் பன் வந்தது.

என் கணவர் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டே போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி கொத்துக்கறியைச் சாஸில் புரட்டி பன்னில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறாள். அவர் அதன் ருசியைப் பார்த்தார். நான் வேறொன்றைப் பார்த்தேன். அதில் எலும்பு இல்லை. குப்பையில் போட ஒன்றுமே இல்லை. சாஸ் ஊற்றினால் வாசனை மாறிவிடும். பன்னுக்குள் வைத்துவிட்டால் யார் வந்து எட்டிப் பார்த்தாலும் அது என்ன என்று தெரியாது.

கறியை உள்ளூரில் வாங்க மாட்டோம். அவர் பூந்தமல்லிப் பக்கம் போய் வாங்கி, டிபன் பாக்ஸில் போட்டு, கம்பெனிப் பைக்குள் வைத்துக்கொண்டு பைக்கில் வருவார். செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தி எனக்குப் போன் செய்வார். "ஏரி தாண்டிட்டேன்" என்பார், அவ்வளவுதான். நான் வெங்காயம் நறுக்க ஆரம்பிப்பேன். ஊதுபத்தி இரண்டைக் கொளுத்தி வாசல் பக்கம் வைப்பேன். கறியை இஞ்சி பூண்டு விழுதும் மஞ்சளும் போட்டுக் குக்கரில் வேகவைத்து எடுத்துக்கொள்வேன். வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், குடைமிளகாய், பச்சை மிளகாய். அது வதங்கியதும் வெந்த கறி. நீர் சுண்டும்போதுதான் அதன் வாசனை கிளம்பும். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு நிமிடம்தான். உடனே சாஸைக் கவிழ்ப்பேன். கால் பாட்டில் போதும் என்றால் நான் அரை பாட்டில் ஊற்றுவேன். மேலே கொஞ்சம் வினிகர், ஒரு துண்டு வெல்லம், மிளகாய்த் தூள். கொதித்துக் கெட்டியானதும் புளிப்பும் இனிப்புமாக ஒரு பேக்கரி வாசனை வரும். அப்போதுதான் எனக்கு மூச்சு வரும்.

ஒரு நாள் நான் கறியை வாணலியில் போட்டதும், மூலையில் எழுதிக்கொண்டிருந்த என் மகள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து மறுபடி எழுத உட்கார்ந்தாள். ஆறு வயதுப் பிள்ளை. நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கு என் பன்னையும் அவள் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

இப்படியே ஒரு வருடம் ஓடியது. அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்காரம்மாவின் மகள், வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்தாள். இருபத்து மூன்று வயதிருக்கும், கணவன் வீடு திருத்தணிப் பக்கம். ஒல்லியான பெண், எதைக் கண்டாலும் குமட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. ஏழு மாத வயிறு மட்டும் தனியாக முன்னால் வந்தது.

அவள் வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. நான் அடுப்பை அணைத்து, பன்களில் கறியை வைத்து முடித்த நேரம். கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் வீட்டுக்காரம்மா.

"இன்னாம்மா செய்யற? வாசனை தூக்குது."

"சும்மா, மீல்மேக்கர்ம்மா. சாஸ் ஊத்தி பன்னுல வச்சு..."

"எம்பொண்ணு காலையில இருந்து ஒண்ணும் துன்னல. ரத்தம் கம்மியா கீதுன்னு டாக்டரம்மா திட்டறாங்க. இப்ப உன் வூட்டு வாசனை வந்துச்சா, எழுந்து ஒக்காந்துகினு எனுக்கு அது வோணும்னு கேக்குது. ரெண்டு குடும்மா."

பிள்ளைத்தாச்சி வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்கிற பழக்கம் எங்கள் பக்கமும் இல்லை, அவர்கள் பக்கமும் இல்லை. சொன்னால் கேட்டவளுக்கும் குறை, சொன்னவளுக்கும் பாவம். இல்லை என்று சொல்லவும் முடியாது, இருப்பதைக் கொடுக்கவும் முடியாது. பொய் சொல்லி ரூம் வாங்கியது வேறு. ஒருத்திக்குத் தெரியாமல் அவள் தொடாத ஒன்றை அவள் வாயில் ஊட்டுவது வேறு. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

"ஆறிப்போச்சும்மா. பத்து நிமிசம் இருங்க, அவுங்களுக்குச் சூடாப் பண்ணித் தாரேன்" என்றேன்.

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு டப்பாவைத் திறந்தேன். நிஜமாகவே மீல்மேக்கர் இருந்தது. வெந்நீரில் போட்டுப் பிழிந்து மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றினால் கொத்துக்கறியேதான். வேறு வாணலியில் அதே வெங்காயம், அதே சாஸ், அதே வினிகர். மிச்சமிருந்த பன்னைச் சூடாக்கி மூன்றில் வைத்தேன். எங்கள் தட்டு அடுப்பு மேடையின் இந்தப் பக்கம், அவளுக்கான தட்டு அந்தப் பக்கம்.

அப்போது என் கணவர் குளித்துவிட்டு வந்தார். "நீ ஏன் இப்படிப் பதறுத? மீல்மேக்கர்தானே குடுக்கப் போற" என்றார். அவர் சொல்லி முடிக்கவில்லை, வெளியில் செருப்புச் சத்தம். வீட்டுக்காரம்மா திரும்பி வந்துவிட்டார். எங்கள் தட்டு அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அதன் மேல் ஒரு மூடியைக் கவிழ்த்தேன். ஒன்றை மட்டும் மூடியிருந்தால் ஏன் என்று கேட்பாரோ என்று அடுத்ததையும் மூடினேன். அவர் உள்ளே வந்து, மேடையோரமாகவே நின்றார். தண்ணீர் கேட்டார். சொம்பு எடுக்க இரண்டு தட்டையும் நகர்த்தினேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு ஒரு தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

கதவைச் சாத்திவிட்டு மூவரும் தரையில் உட்கார்ந்தோம். என் மகள்தான் முதலில் கடித்தாள். மென்றாள். நிறுத்தினாள்.

"அம்மா, இது மீல்மேக்கர்."

யாருக்கும் தெரியக் கூடாது என்று ஒரு வருடமாகச் செய்து செய்து, கடைசியில் எனக்கே தெரியாமல் போய்விட்டது. என் கணவர் ஒரு வாய் கடித்துப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

"ஓடு. போயி வாங்கிட்டு வா."

"என்னன்னு சொல்லி வாங்க?"

"உப்பு போடலன்னு சொல்லு. ஓடு."

ஓடினேன். ஓனர் வீட்டு ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஓனர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் திருமண் அழியவில்லை, அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருப்பார் போல. அவர் மகள் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, தட்டை வயிற்றின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தாள். தட்டில் ஒரு பன்தான் மிச்சம் இருந்தது. விரலில் வழிந்த சாஸை நக்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, சூப்பரா கீது. வந்ததுல இருந்து இன்னிக்குதான் வாய்க்கு ருசியா துன்னறேன்."

"உப்பு... உப்பு போட மறந்துட்டேன்மா. குடுங்க, போட்டுத் தாரேன்."

"உப்பெல்லாம் சரியா கீதுக்கா."

அப்போது ஓனர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டினார். "இன்னாடா அது, எனக்கும் ஒரு வாய் குடு."

அந்தப் பெண் தட்டை மறுபக்கம் இழுத்துக்கொண்டாள். "முடியாது நைனா. எனுக்கே பத்தல." ஓனர் சிரித்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டார். அவள் கடைசிப் பன்னை என் கண் முன்னாலேயே தின்று முடித்தாள். நான் காலித் தட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாலைந்து நாள் நான் மனுஷியாக இல்லை. கம்பெனியில் லைனில் நிற்கும்போது போன் அதிர்ந்தால் வீட்டுக்காரம்மாவாக இருக்குமோ என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு வயிறு வலித்தால், வாந்தி எடுத்தால், கர்ப்பத்துக்கு ஒன்று ஆகிவிட்டால், என்ன சாப்பிட்டாய் என்றுதானே முதலில் கேட்பார்கள். காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுப் படியேறும்போது வீட்டுக்காரம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரோ எப்போதும்போலத்தான் இருந்தார். "உன் பன்னு துன்னதுல இருந்து கொஞ்சம் தெம்பா கீது" என்றார் ஒரு நாள். எனக்கு அழுகை வந்தது. சிரித்து வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டார், மகளுக்கும் இரண்டு வேண்டும் என்று. அந்த வாரம் நாங்கள் கறியே வாங்கவில்லை. சுத்தமாக மீல்மேக்கர். அந்தப் பெண் அரைப் பன்னைக் கடித்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாளாம். அன்றைக்கு மாதிரி இல்லை என்றாளாம்.

வீட்டுக்காரம்மா என்னிடம் வந்தார். "மட்டன் போட்டியா அன்னிக்கி? போட்டிருந்தா போட்டேன்னு சொல்லேன். மீல்மேக்கர்னு ஏன் சொல்லணும்? நானே வாங்கியாறேன், செஞ்சு குடு." நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய? மறுநாள் சாயங்காலம் அவரே நல்ல இளங்கறியாகக் கொத்தி வாங்கி வந்து, நான் சமைத்து முடிக்கும்வரை என் பக்கத்திலேயே நின்றார். வெல்லம் எவ்வளவு, வினிகர் எவ்வளவு என்று கேட்டுக் கேட்டுப் பார்த்துக்கொண்டார். நான் ஒன்றையும் மறைக்கவில்லை, அன்றைக்கு எப்படிச் செய்தேனோ அப்படியே செய்தேன். இரண்டு பேருமாகத் தட்டை எடுத்துக்கொண்டு போனோம்.

அந்தப் பெண் ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள். பிறகு பாவம்போல அம்மாவைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது. ஆனா இது இல்லம்மா."

வீட்டுக்காரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். மீல்மேக்கர் இல்லை, மட்டன் இல்லை. கோழிக்கும் இதற்கும் குழப்பம் வராது. மிச்சம் இருப்பது என்ன என்று கணக்குப் போட அவருக்கு நிறைய நேரம் ஆகவில்லை. நான் கண்ணைத் தாழ்த்தினேன். அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்கு ரூமுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் பரணிலிருந்து சூட்கேஸை இறக்கித் துடைத்து வைத்தார்.

மறுநாள் நான் ஷிப்டு முடிந்து வந்து பின்பக்கத் துவைக்கும் கல்லில் துணி அலசிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா வந்தார். மாட்டுக்குத் தவிடு கரைத்த வாளியைக் கீழே வைத்தார். நாலு பக்கமும் பார்த்தார்.

"எனக்கு எதுவும் சொல்லாத. இன்னா கறின்னு நான் கேக்கல. நீயும் வாயத் தொறக்காத."

நான் ஈரக் கையோடு நின்றேன்.

"ஞாயித்துக்கெழம உங்களுக்கு செய்யறதுல எம்பொண்ணுக்கு ரெண்டு எடுத்து வை. பின்பக்கமா வந்து நானே வாங்கிகினு போறேன். அதுக்கும் தெரிய வேணாம். அவருக்குத் தெரிஞ்சா என்னிய வெட்டிப் போட்டுடுவாரு. புள்ள ஒண்ணும் துன்னாம கெடக்குதேன்னுதான்."

அவர் போன பிறகு அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடுத்த இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் முந்தானைக்குள் ஒரு தூக்குவாளியை மறைத்துக்கொண்டு பின்பக்கம் வருவார். நான் பன்னை வைத்து மூடித் தருவேன். ஒரு வார்த்தை பேச மாட்டோம். அந்த இரண்டு மாதம் எனக்குப் பயம் குறைந்துபோயிருந்தது. சாஸைக்கூட வீடியோவில் சொன்ன அளவுக்குக் குறைத்தேன். எங்கள் ரூமுக்கு இனி ஆபத்தில்லை, அந்த அம்மாளும் இதில் ஒரு ஆள்தானே என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது என் முட்டாள்தனம்.

பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். வீட்டுக்காரம்மா ரூம் ரூமாக வந்து சர்க்கரை கொடுத்தார், எனக்கு மட்டும் இரண்டு கை அள்ளிக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேன் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு எங்களைக் கூப்பிடவில்லை. கூட்டம் அதிகம், அதனால்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் போன மறுநாள், அதே துவைக்கும் கல்லில், அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரூம காலி பண்ணிடும்மா. அவசரம் இல்ல. நல்லா பாத்து மெதுவா போ."

"நாங்க என்னம்மா தப்பு பண்ணுனோம்?"

"தப்பு ஒண்ணும் இல்ல. நீ இல்லன்னா எம்பொண்ணு இந்த மாரி எழுந்து நடந்திருக்காது."

"அப்புறம் ஏன்?"

அவர் புறவாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "எம்பொண்ணு வாழ்க்கப்பட்ட வூட்ல இது தெரிஞ்சா கொழந்தையோட திருப்பி அனுப்பிடுவாங்கோ."

"நான் யார்கிட்டம்மா சொல்லப் போறேன்? சொன்னா எங்களுக்குத்தானே முதல்ல அடி."

"நீ சொல்ல மாட்ட. அது எனக்குத் தெரியும்." அவர் மறுபடி புறவாசலைப் பார்த்தார். "ஆனா உனுக்குத் தெரியுமே."

மாட்டுக்கறி தின்றீர்களா என்று கேட்டால் சொல்வதற்கு இத்தனை வருடமாக நான் எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் மகள் தின்றது எனக்குத் தெரியும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் என்னைப் பார்த்துப் பயந்துபோயிருந்தார். அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம். அதனால் அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. சரிம்மா என்றேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு வழக்கம்போல என் மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து, இரண்டு கையாலும் அவளை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். அவள் தூக்கத்திலேயே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் திரும்பும்போது அவர் மெதுவாகக் கூப்பிட்டு, தோளில் கிடந்தவளைக் கண்ணால் காட்டினார்.

"இதுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.

அவர் நம்பவில்லை. குழந்தையின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தூக்கம் கலையாமல் அவளை உள்ளே கொண்டுபோனார்.